தூளுக்கு முன்னால் தண்ணீர்

இராமநாதபுரம் கடற்கரையில் காபி, டீ, சர்பத் எது நன்றாக அமைய வேண்டுமென்றாலும் தூளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று எந்த ஊருக்குப் போனாலும் வீட்டில் இரண்டு தண்ணீர் இருக்கும். புழங்குகிற தண்ணி ஒன்று, நல்ல தண்ணி ஒன்று. புழங்குகிற தண்ணி ஆழ்துளைப் போரிலிருந்து வருவது. குளிக்கலாம், துவைக்கலாம், வாயில் வைத்தால் சவர்ப்பு. நல்ல தண்ணி தள்ளுவண்டிக் குடத்திலோ, காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயிலோ, 20 லிட்டர் கேனிலோ வரும். நல்ல தண்ணி என்று பேர் இருந்தாலும் இந்த மூன்றும் ஒன்றல்ல. ஒரே தூளை மூன்றிலும் போட்டுப் பாருங்கள், மூன்று விதமான காபி இறங்கும்.

நான் பிறந்து வளர்ந்தது கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் அது. மர நிழலில் காபிச் செடி, மரத்தில் மிளகுக் கொடி, நடுவில் வாழையும் கமலா ஆரஞ்சும் என்று ஒரே தோட்டத்தில் எல்லாம் இருக்கும். வீட்டுக் கொட்டையை வீட்டிலேயே வறுத்து இடித்து, மலைத் தண்ணீரில் போட்டுக் குடித்துப் பழகிய நாக்கு எனக்கு. கல்யாணமாகி உச்சிப்புளிக்கு வந்தபோது அம்மா கொடுத்தனுப்பிய தூள் அதே தூள், பித்தளை பில்டரும் அதே பில்டர். டிகாஷன் என்னவோ கறுப்பாகத்தான் இறங்கியது. ஆனால் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற அந்த மணம் இல்லை. குடித்தால் சப்பென்று, நாக்கின் பின்பக்கம் மட்டும் ஒரு கசப்பு. அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"தூள்ல ஒண்ணும் இல்ல ஆத்தா. தண்ணிய மாத்திப் பாரு" என்றார்.

அத்தைக்குக் காபி அவ்வளவாகப் பழக்கமில்லை, அவர் டீயும் சுக்குக் காப்பியும் குடிக்கிறவர். ஆனால் தண்ணீர் தெரியும். இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அது கூடவே வருகிற அறிவு. இராமேசுவரம் கோயிலுக்குள்ளேயே 22 தீர்த்தங்கள், பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள்தான், சுவை வேறு வேறு என்பார்கள். தங்கச்சிமடத்துக்கு அருகே வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. நடைபாலத்தில் போய் வாளியை இறக்கினால் குடிக்கிற தண்ணீர் வரும், சுற்றிலும் உப்பு நீர். தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டி, ஊறுகிற தண்ணீரை அகப்பையில் மொண்டு குடத்தில் நிரப்புகிறார்கள். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கடல் நீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேலேயே மிதந்து நிற்கிறது. மேலாகத் தோண்டினால் இனிப்பு, ஆசைப்பட்டு ஆழமாகப் போனால் உப்பு. மோட்டார் போட்டு இழுக்கத் தொடங்கிய இடங்களில் அந்த மேல்தண்ணீர் தீர்ந்துபோய் அடியிலிருக்கும் உப்பு ஏறிவிடுகிறது. எங்கள் தெருவின் பழைய கிணறுகள் கெட்ட கதையும் அதுதான்.

சரி, தண்ணீர் காபியை என்ன செய்கிறது? போர் தண்ணியில் உப்போடு சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும் சேர்ந்தே இருக்கும். காபிக்குத் துடிப்பைக் கொடுக்கிறவை அதிலிருக்கும் அமிலங்கள். பைகார்பனேட் அந்த அமிலங்களை முறித்துவிடும். மிச்சம் நிற்பது கசப்பு மட்டும். டீயிலும் இதே கதை கண்ணுக்கே தெரியும்: நிறம் செம்பு போல வராமல் கறுத்துப் போகும், ஆறினால் மேலே எண்ணெய்ப் படலம் போல ஓர் ஆடை கட்டும். பால் சரியில்லை, தூளில் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆடை சுண்ணாம்புச் சத்தும் தேயிலைச் சத்தும் சேர்ந்து உண்டாவது. நல்ல தண்ணியில் அதே தூளைப் போட்டால் வராது.

இதற்கு மறுகோடி கேன் தண்ணீர். ஆர்.ஓ. போட்டு ஏறக்குறைய எல்லாவற்றையும் எடுத்துவிடுவதால் தூளிலிருந்து சுவையை இழுக்கத் தேவையான கால்சியமும் மெக்னீசியமும்கூட அதில் போதுமான அளவு இருப்பதில்லை. காபி மெலிந்து, ஒரு வெற்றுப் புளிப்போடு நிற்கும். காபியைச் சுவைத்துத் தரம் பார்க்கிறவர்கள் உலக அளவில் வைத்திருக்கும் கணக்கு, லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவுக்குக் கரைந்த உப்புகள் இருப்பது நல்லது, 75 முதல் 250 வரை ஏற்கலாம் என்பது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500 வரை நல்லது என்றும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. எங்கள் வீட்டுப் போர் தண்ணி அந்த 2000-ஐயும் தாண்டும். கேன் தண்ணீர் 40, 50-லேயே நிற்கும். காவிரித் தண்ணி நடுவில் எங்கோ, நாளுக்கு நாள் மாறும்.

இதைப் பார்க்க ஒரு டிடிஎஸ் மீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பேனா அளவுதான் இருக்கும். என் சமையலறையில் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம். கேன் தண்ணீர் 50, குழாய்த் தண்ணீர் 350 என்று காட்டினால் பாதிக்குப் பாதி கலந்து கொதிக்க வையுங்கள், 200 கிட்டே வந்துவிடும். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள், சர்வீஸுக்கு வருகிறவரிடம் டிடிஎஸ் 100-க்கு மேல் இருக்கும்படி திருகை வைக்கச் சொல்லலாம். பெரும்பாலான இயந்திரங்களில் அதற்கென்றே ஒரு திருகு இருக்கிறது. இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். மீட்டர் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைத்தான் காட்டும், கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் எதிலும் கலக்க வேண்டாம். இன்னொன்று, கொதிக்க வைத்தால் உப்பு போகாது. சுண்ணாம்பில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், அவ்வளவுதான். உப்பு, தண்ணீர் சுண்டச் சுண்ட ஏறத்தான் செய்யும். ஊருணித் தண்ணீர் எடுத்த காலத்தில் குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசித் தெளிய வைப்பார்கள் என்று அத்தை சொல்வார். கலங்கலுக்கு அது அருமையான வழி, ஆனால் உப்பை அதுவும் ஒன்றும் செய்யாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் வீட்டில் காபி தனி ருசியாக இருக்கும். மாடியில் மழைநீர் பிடித்து வைக்கிறோம். 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானபோது போட்ட குழாய், பல வீடுகளில் இன்று உடைந்து கிடக்கிறது, எங்கள் வீட்டில் மாமா விடாமல் பார்த்துக்கொள்கிறார். கடற்கரையில் இருப்பவர்கள் முதல் மழையைப் பிடிக்கக் கூடாது. காற்றில் வந்த உப்பு மாடியெங்கும் படிந்திருக்கும், காக்கை எச்சம் வேறு. இரண்டு நல்ல மழை தளத்தைக் கழுவிய பிறகு பிடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, அதில் கொஞ்சம் காவிரித் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்க வைக்கலாம். மழைத் தண்ணீர் மட்டும் என்றால் கேன் தண்ணீர் மாதிரியே காபி மெலிந்துவிடும். டீக்கு அப்படியே போடலாம், நிறம் பொன்னாக வரும்.

தண்ணீர் சரியானால் பில்டர் காபியில் பாதி வேலை முடிந்தது. இரண்டு பேருக்கு 20 முதல் 25 கிராம் தூள், அதாவது மூன்று மேசைக்கரண்டி குவித்து. மேல் அடுக்கில் போட்டு, குடை போன்ற அழுத்தியை லேசாக வைத்தால் போதும். ஓங்கி அழுத்தினால் டிகாஷன் மணிக்கணக்கில் இறங்காமல் கிடந்து கசக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் விட்டு, ஓரத்திலிருந்து சுற்றிலும் ஊற்ற வேண்டும். முதலில் தூள் நனைகிற அளவு மட்டும் விடுங்கள். தூள் உப்பி, குமிழ் விட்டு, மணம் கிளம்பும். அது வந்தால் தூள் புதிது என்று அர்த்தம். ஒன்றுமே நடக்காமல் தண்ணீர் நேராக இறங்கினால் தூள் பழசு. பிறகு மீதித் தண்ணீர், மொத்தம் 150 மில்லி. மூடிவிட்டு அந்தப் பக்கம் போய்விட வேண்டும், தட்டவோ ஆட்டவோ கூடாது.

கடற்கரையில் தூள் பழசாவது வேகம். மலையில் அம்மா ஒரு மாதத் தூளை டப்பாவில் வைத்திருப்பார், மணம் நிற்கும். இங்கே ஈரக் காற்றில் ஒரே வாரத்தில் கட்டி தட்டிவிடும். அதனால் 100 கிராமுக்கு மேல் ஒரு தடவைக்கு வாங்குவதில்லை. வறுத்த கொட்டையாக வாங்கி வேண்டும்போது அரைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது, கொட்டை ஈரத்தைத் தாங்கும். தூள் டப்பாவைப் பிரிட்ஜில் வைத்து எடுத்து எடுத்துத் திறக்கிறவர்கள் உண்டு. குளிர்ந்த டப்பாவைத் திறந்த உடனே நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுக்க அதற்குள் வேர்த்து இறங்கும். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, அடுப்பிலிருந்து தள்ளி இருட்டான அலமாரி, இது போதும்.

சிக்கரி பற்றிக் கேட்பவர்களுக்கு: சிக்கரி கலந்த தூளில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படியென்றால் பாக்கெட்டில் ஏறக்குறைய பாதி சிக்கரியாகவே இருக்கலாம், எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். எனக்கு 15 சதவீதம் வரை சம்மதம். அதற்கு மேல் போனால் நான் குடிப்பது காபி இல்லை. பால் 4.5 சதவீதம் கொழுப்புள்ளது காபிக்குச் சரியாக நிற்கும். 3 சதவீதப் பாலில் டீ போடலாம், காபி நீர்த்துப்போகும்.

இனி டீ. இந்தக் கரைக்கும் தேயிலைக்கும் உள்ள உறவு பழையது. இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன ஆயிரமாயிரம் பேர் மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, அதன் பிறகே கப்பல் ஏறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை வந்தது, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி முடிந்தது. ஆனால் பால் இல்லாத டீயைக் கடுஞ்சாயமாகப் போட்டு, கூடவே ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற பழக்கம் எங்கள் பக்கத்துக் கிழவர்களிடம் இன்னும் இருக்கிறது. எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த பழக்கம் இதுதான். சர்க்கரை டீயில் கரையாமல் வாயில் கரைகிறது. முதலில் கருப்பட்டியின் புகை வாசம், பிறகு தேயிலையின் துவர்ப்பு, இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

இந்தக் கடுஞ்சாயத்துக்குத் தூள் டீயைவிட இலை டீ நல்லது. நீலகிரி இலை ஒரு தேக்கரண்டி, ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணீர், மூடி வைத்து நாலு நிமிடம், வடிகட்டியாக வேண்டும். இலையை அதிலேயே கிடக்க விட்டால் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். கீழக்கரைத் தோழி வீட்டில் பிரியாணிக்குப் பிறகு கொடுக்கும் சுலைமானியில் ஏலக்காயும் பட்டையும் கொதித்து, டீயை வடித்து, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே எலுமிச்சை பிழிவார்கள். "லெமன கொதிக்கவிட்டா கசந்துரும் லாத்தா" என்று அவள் தங்கை எனக்குச் சொல்லித் தந்தாள். எலுமிச்சை விழுந்ததும் கறுத்த டீ சட்டென்று வெளுத்துச் செந்தேன் நிறமாகும். தண்ணீரில் காரத்தன்மை கூடியிருக்கிற நாளில் எலுமிச்சை இரட்டிப்பு வேலை செய்கிறது, நிறத்தையும் மீட்கிறது, சுவையையும் மீட்கிறது.

பால் டீக்கு இரண்டு பேருக்கு 150 மில்லி தண்ணீர், 150 மில்லி பால், இரண்டு தேக்கரண்டி தூள். தண்ணீரில் தூள் இரண்டு நிமிடம் கொதித்த பிறகு பால். இஞ்சி தட்டிப் போடுகிறவர்கள் முக்கியமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது, அது பாலைத் திரிய வைக்கும். இஞ்சியைத் தண்ணீரோடு முதலிலேயே கொதிக்க விட்டால் அந்த நொதி செத்துவிடும், பிறகு பால் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. பாலும் இஞ்சியும் ஒன்றாக அடுப்பில் ஏறினால்தான் வம்பு.

கருப்பட்டியும் இப்படித்தான். கருப்பட்டியில் லேசான புளிப்பு உண்டு, கொதிக்கிற பாலில் நேராகப் போட்டால் பால் உடையும். அதைப் பாகாக்கி வைத்துக்கொள்வதே வழி. சம எடை கருப்பட்டியும் தண்ணீரும், கரைகிற வரை மட்டும் சூடு, பிறகு மெல்லிய துணியில் வடிகட்டல். வடிகட்டாமல் யாரும் பயன்படுத்தாதீர்கள். பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால் அதன் படிவும், காய்ச்சுமிடத்து மணலும் தூசியும் அடியில் நிற்கும். ஆறிய பாகைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக வரும். டீயோ காபியோ டம்ளரில் ஊற்றி, குடிக்கிற சூட்டுக்கு வந்த பிறகு ஒரு கரண்டி பாகு.

கருப்பட்டி வாங்க நாங்கள் போவது சாயல்குடிப் பக்கம். சாலையின் இரு புறமும் பனைதான் அங்கே. சிரட்டையில் ஊற்றி எடுத்த வடிவத்திலேயே விற்பார்கள். வாங்குமுன் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்வேன். உள்ளே ஒரே நிறமாக, மங்கலாக இருக்க வேண்டும். உடைத்த இடத்தில் சர்க்கரை மணிகள் பளபளவென்று மின்னினால் சந்தேகம். ஒரு துணுக்கை நாக்கில் வைத்தால் இனிப்போடு லேசான கரிப்பு வரும், வெறும் இனிப்பு மட்டும் வந்தால் வேறு கடை பார்ப்பேன். பங்குனிக்குப் பிறகு புதுசு வரத் தொடங்கும், ஆடி வரை நன்றாகக் கிடைக்கும். மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும், காகிதத்தில் சுற்றி மூடி இறுகிய டப்பாவில் வைத்தால் தாங்கும்.

அத்தையின் சுக்குக் காப்பியில் காபியே கிடையாது. 50 கிராம் சுக்கு, அதே அளவு மல்லி விதை, ஒரு தேக்கரண்டி மிளகு, நாலு திப்பிலி, நாலைந்து ஏலக்காய். மல்லியை மட்டும் வாசம் வருகிற வரை வறுக்க வேண்டும். சுக்கின் தோலைச் சுரண்டாமல் அத்தை அம்மியில் வைக்க மாட்டார். "சுக்குக்குப் புறநஞ்சு" என்பார். இரண்டு டம்ளர் தண்ணீருக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பொடி, ஐந்து நிமிடக் கொதி, கருப்பட்டிப் பாகு. கடலுக்குப் போய்விட்டு விடிகாலையில் நனைந்து வருகிறவர்களுக்கு இதைவிட வேறு எதையும் கொடுக்க எனக்கு மனம் வராது.

ஆவாரம்பூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கப் பொட்டல் முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. நிழலில் உலர்த்தி, டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி போட்டுக் கொதிக்க விடலாம். பால் வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும், மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்க வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் சூடாக எதுவும் இறங்காது. அப்போதுதான் கலவைப் பானங்கள். மது எங்கள் வீட்டில் இல்லை, ஆனால் காக்டெயில் கலக்குகிறவர்கள் வைத்திருக்கிற கணக்கு மிக நல்ல கணக்கு: புளிப்பும் இனிப்பும் சமம், மற்றது அதற்கேற்ப. என் கை அளவு, புளிப்பு ஒரு பங்கு, பாகு ஒரு பங்கு, சோடாவோ இளநீரோ நாலு பங்கு. இதைப் பிடித்துக்கொண்டால் எதை வேண்டுமானாலும் கலக்கலாம். கலக்க ஷேக்கர் தேவையில்லை, மூடி இறுகிய எவர்சில்வர் தூக்கு போதும். எலுமிச்சைச் சாறு, பாகு, ஐஸ் மூன்றையும் போட்டு, தூக்கின் வெளிப்புறம் வேர்க்கிற வரை குலுக்க வேண்டும். சோடாவை மட்டும் அதில் போடாதீர்கள், மூடி தெறிக்கும். டம்ளரில் ஊற்றிய பிறகு மேலே ஊற்றுவதுதான் சோடா. சோடா பாட்டில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த நீரில்தான் வாயு தங்கும். வெதுவெதுப்பான சோடாவை ஐஸில் ஊற்றினால் எல்லாம் நுரைத்துப் போய் வெறும் தண்ணீர் மிஞ்சும்.

எங்கள் வீட்டு விருந்தாளிகள் கேட்டு வாங்கிக் குடிப்பது முண்டு வத்தல் போட்ட எலுமிச்சை சோடா. இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டாக, தோல் தடித்து, அடர்ந்த சிவப்பாக இருக்கும். ஒரு வத்தலைக் கிள்ளி விதையை உதறிவிட்டு, சூடான கருப்பட்டிப் பாகில் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஊறினால் குழந்தைகள் குடிக்க முடியாது. பாகு 25 மில்லி, ஒரு சிறிய எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை வாலிநோக்கம் உப்பு, குளிர்ந்த சோடா. முதலில் புளிப்பு, அப்புறம் பனை வாசம், விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு மெல்லிய சூடு. வேர்த்துக்கொண்டு வந்தவருக்கு இது உடனே தெம்பு தரும்.

நன்னாரிக்கு வேரின் மேல் பட்டைதான் மணம், நடுவிலிருக்கும் நரம்பை எடுத்துவிடலாம். வேரைக் கொதிக்க வைத்தால் வீடு மணக்கும், சர்பத் மணக்காது, மணமெல்லாம் ஆவியில் போய்விடும். தட்டிய பட்டையில் கொதித்த தண்ணீரை ஊற்றி இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் சர்க்கரையைக் கரைக்கிற அளவுக்கு மட்டும் சூடு காட்டினால் போதும்.

இளநீர்க் காபி என் மகள் கண்டுபிடித்தது. கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்த தூள் 50 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர் 400 மில்லி, பிரிட்ஜில் இரவு முழுக்க. காலையில் துணியில் வடித்தால் கசப்பே இல்லாத டிகாஷன். இதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு இளநீர். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். உச்சிப்புளித் தோப்பு இளநீரில் சில மரத்துக் காய் லேசாக உப்புத் தட்டும், காபிக்கு அந்த உப்புத்தான் நன்றாகப் பொருந்துகிறது, கசப்பை அடக்கிவிடுகிறது.

பதநீரோடு எதையும் கலக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். நுங்கு மட்டும் சம்மதம், அல்லது கடித்துக்கொள்ள மாங்காய்த் துண்டு. காலையில் இறக்கியதை முற்பகலுக்குள் குடித்துவிட வேண்டும். சுண்ணாம்பு தடுத்து வைத்திருக்கிற புளிப்பு வெயில் ஏற ஏறத் தொடங்கிவிடும். ஐஸைப் பதநீருக்குள் போட்டால் நீர்த்துவிடும், பாத்திரத்தை ஐஸ் தண்ணீருக்குள் வையுங்கள். ஓலைப் பட்டை கிடைத்தால் அதில் ஊற்றிக் குடியுங்கள், ஓலையின் பச்சை வாசமும் சேர்ந்து வரும்.

ஐஸ் பற்றியும் சொல்ல வேண்டும். பாம்பன், மண்டபம் பக்கம் மீனுக்கு அடிக்கும் ஐஸ் கட்டி மலிவாகக் கிடைக்கும், விசேஷ வீடுகளில் அதை உடைத்து சர்பத் அண்டாவில் போடுகிறவர்களைத் தடுத்திருக்கிறேன். அது மீனைப் பதப்படுத்தவே, குடிக்கிற தண்ணீரில் செய்தது என்று நம்ப முடியாது. வீட்டில் ஐஸ் வைக்கும்போதும் காபிக்குக் கலந்த அதே கொதித்த தண்ணீரைத்தான் தட்டில் ஊற்றுகிறேன். சவர்த் தண்ணியில் வைத்த ஐஸ் கரையக் கரைய நல்ல சர்பத்தும் கெட்டுப்போகும்.

கடைசியாகப் பாத்திரம். பில்டரின் ஓட்டைகளில் காபித் தூளும் சுண்ணாம்பும் சேர்ந்து அடைக்கும், டிகாஷன் இறங்குவது மெதுவாகிக்கொண்டே போனால் அதுதான் காரணம். புளித் தண்ணீரிலோ பிழிந்த எலுமிச்சைத் தோல் போட்ட வெந்நீரிலோ ஓர் இரவு ஊற வைத்து, காலையில் மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது எல்லா ஓட்டையும் தெரியும். பித்தளை பில்டர் கடற்காற்றில் சீக்கிரம் களிம்பேறும். உள்ளே வெள்ளீயம் பூசியது போய்விட்டதென்றால் பூசிக்கொண்டு பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் எவர்சில்வருக்கு மாறிவிடுங்கள். கடைசிக் கழுவலைப் போர் தண்ணியில் முடிக்காமல் ஒரு கை நல்ல தண்ணி விட்டு அலசி, துணியால் துடைத்தே கவிழ்த்து வையுங்கள். போர் தண்ணி அப்படியே காய்ந்தால் ஓட்டைக்கு ஓட்டை வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும்.